யானையை லாரியில் ஏற்றும் முன்: தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவைக்கு வடமேற்கே, தடாகம் பள்ளத்தாக்கில் வாழையும் தென்னையும் வைத்துப் பிழைக்கிறவன் நான். யானை வந்துபோன மறுநாள் காலையில் தோட்டம் எப்படிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். குலை தள்ளிய வாழை ஓர் இரவில் சாய்ந்தால் அந்த வருடத்துக் கடன் தவணையும் அதோடு சாய்ந்துவிடும். அப்படி இருந்தும், ஊருக்குள் வரும் யானையைப் பிடித்து லாரியில் ஏற்றி வேறொரு காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, முதல் அட்டவணையில் இருக்கும் யானையைப் பிடிக்க உத்தரவிடும் பொறுப்பைத் தங்கள் பதவிக்குத் தந்திருக்கிறது. அதனால் இந்த மடல் தங்களுக்கு. எங்கள் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் இது திறந்த மடல்.

"இந்த யானையைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று சாலையில் உட்கார்ந்து போராடுகிறவர்கள் என் சொந்தபந்தங்கள். அவர்களுடைய பயமும் கோபமும் நியாயமானவை. ஆனால் பிடித்துக்கொண்டு போன பிறகு என்ன நடந்தது என்பதை நாம் யாரும் உட்கார்ந்து சேர்த்துப் பார்ப்பதில்லை. போட்டோவில் லாரி புறப்படுகிறது, பட்டாசு வெடிக்கிறது, கதை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். லாரி போய்ச் சேர்ந்த இடத்தில்தான் மீதிக் கதை.

தங்கள் துறையே நடத்திய ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். நீலகிரியில் மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்ற ஆண் யானை சுற்றிவந்தான். தும்பிக்கையின் நுனி துண்டானவன், வலது கண்ணில் பார்வை இல்லாதவன். 2021 மே மாதம் அவனை மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி, கழுத்தில் அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ காலர் மாட்டி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, முதுமலைக்குள் சிக்கல்லா பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே அவன் வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான். ஒரு கண்ணும் குறைபட்ட தும்பிக்கையும் கொண்ட யானை, லாரியில் நின்றபடி போன தூரத்தை, ஒரே நாளில் நடந்து கடந்து தன் இடத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு துறை ஒரு நல்ல முடிவெடுத்தது: மறுபடி பிடிக்காமல், அவனை அங்கேயே விட்டுக் கண்காணித்தது. அந்த முடிவைப் பாராட்டுகிறேன். ஆனால் அதிலிருந்து கிடைத்த பாடம் மற்ற யானைகளின் விஷயத்தில் எங்கே போனது?

எங்கள் தடாகத்துக் காட்டு யானை சின்னத்தம்பியைப் பற்றி நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெரிய தடாகத்தில் 2019 ஜனவரி 25 அன்று பிடித்தார்கள். ஆனைமலையில் டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவன் அங்கலக்குறிச்சி வழியே சமவெளிக்கு இறங்கிவிட்டான். பிறகு உடுமலைப் பக்கம் அமராவதி சர்க்கரை ஆலை, கண்ணாடிப்புத்தூர்க் கரும்புக்காடு என்று இரண்டு வாரம் ஊரே அவன் பின்னால் நடந்தது. மக்கள் பயப்படவில்லை, செல்போனும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள், அவனும் யாரையும் தாக்கவில்லை. உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், பிப்ரவரி 15ஆம் தேதி மறுபடி மயக்க ஊசி, மறுபடி லாரி, பிறகு மரக்கூண்டு. இன்று அவன் கும்கி. மற்ற யானைகளைப் பிடிக்கவும் ஓட்டவும் அவனைக் கொண்டுபோகிறார்கள்.

அவன் ஏன் இறங்கினான்? "கரும்பு ருசி கண்டுவிட்டது" என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதி உண்மை வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். வரகளியாற்றிலிருந்து தடாகம் நேர் வடக்கே இருக்கிறது. நடுவில் கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில்தான் அறுந்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளியாகக் கிடக்கிறது. ரயில் பாதை, நெடுஞ்சாலை, தென்னந்தோப்பு, ஊர் என்று நிறைந்திருக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகள், தெற்கே ஆனைமலை யானைகள். இரண்டு கூட்டங்களுக்கும் மரபணுவிலேயே வேறுபாடு இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். அத்தனை தலைமுறையாக யானைகள் கடக்காத ஒரு இடைவெளியின் மறுபக்கத்துக்கு ஒரே இரவில் ஒரு யானையைத் தூக்கிப் போட்டோம். அவன் காட்டின் விளிம்புக்கு வந்து, எதிரே விரிந்து கிடந்த ஊர்களுக்குள் வழி தேடினான். யானைகளே இல்லாத சமவெளி ஊர்களுக்கு யானையை அறிமுகம் செய்துவைத்தது நாம்.

2023இல் அதே வரகளியாற்றில் இன்னொரு யானையை விட்டார்கள். தருமபுரி பாலக்கோடு பக்கம் பிப்ரவரியில் பிடிபட்ட மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை. அது காட்டிலிருந்து இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, பட்டப்பகலில் கோவை மதுக்கரை, பேரூர்ப் பக்கம் வந்து நின்றது. தருமபுரி எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை நோக்கித்தான் அதன் நடை தொடங்கியது. பிப்ரவரி 23 அன்று மறுபடி பிடித்து மானாம்பள்ளியில் விட்டார்கள். அங்கிருந்தும் இறங்கி, ஆனைமலை அடிவாரத்தில் சரளப்பதி ஊர்க்காரர்களின் தோட்டங்களைத் தேடி வந்தது. ஜூலை கடைசியில் மூன்றாம் முறையாகப் பிடித்தார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை மயக்க ஊசி! ஒவ்வொரு முறையும் கும்கிகள், மருத்துவர்கள், நூற்றுக்கணக்கான பணியாளர்கள், பொதுமக்களின் தூக்கம் கெட்ட இரவுகள். தருமபுரி விவசாயியின் பிரச்சினை சரளப்பதி விவசாயியின் தலையில் போய் விழுந்தது. சரளப்பதிக்காரர் என்ன பாவம் செய்தார்?

பந்தலூரில் 2022 டிசம்பரில் பிடித்து முதுமலை உட்காட்டில் விட்ட மக்னா, 2023 ஜனவரியில் கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகரத்துக்குள் புகுந்து, தெருவில் நடந்துபோன ஒருவரைத் தூக்கி எறிந்தது. கேரள வனத்துறை அதைப் பிடித்து முத்தங்காவுக்குக் கொண்டுபோனது. எங்கள் தடாகத்திலிருந்து சின்னத்தம்பிக்கு ஒரு மாதம் முன்பு பிடித்து முதுமலைக்கு அனுப்பிய விநாயகனும் பிறகு கூடலூர்ப் பக்கம் ஊருக்குள் வரத் தொடங்கினான். அவனை விரட்ட அங்கேயும் கும்கிகள் போக வேண்டியதாயிற்று.

இவை எல்லாம் தனித்தனி யானைகளின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் உயிர் தன் இடத்தோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் மக்கள் கேட்கும் "காடுதானே, எந்தக் காடாக இருந்தால் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

ஒரு வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். கோடையில் எந்த ஓடையில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும், மூங்கில் எந்தச் சரிவில் எப்போது துளிர்க்கும், உப்பு மண் எங்கே கிடைக்கும், எந்தப் பாறை விளிம்பில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் இது நடக்கும். இந்த அறிவு பிறவியிலேயே வருவதில்லை. தாயோடும் பாட்டியோடும் நடந்து நடந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சேர்வது. பர்லியாறு, கல்லாறு பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலா பழுக்கும் பருவம் வந்தால் யானைகள் தவறாமல் மலையேறி வந்துவிடும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவற்றுக்குத் தெரியும், எப்போது பழுக்கும் என்றும் தெரியும்.

தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தது. வயது முதிர்ந்த தலைவிகள் இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீர் தேடிப் போயின. அவற்றின் கன்றுகள் அதிகம் பிழைத்தன. 1958 முதல் 1961 வரை வந்த பழைய வறட்சியை நேரில் பார்த்த வயது அந்தத் தலைவிகளுக்கு இருந்தது. மூத்த யானை இல்லாத கூட்டம் இருந்த இடத்திலேயே நின்று கன்றுகளை இழந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நினைவு கன்றின் உயிரைக் காக்கிறது என்றால், அந்த நினைவு எந்த மண்ணோடு சேர்ந்ததோ அந்த மண்ணிலிருந்து யானையைப் பிரிப்பது அதன் அறிவையே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். வரகளியாற்றுக் காடு எவ்வளவு பசுமையாக இருந்தாலும், தடாகத்து யானைக்கு அங்கே தண்ணீர் எங்கே என்று தெரியாது.

மோப்பம் இருக்கிறது. ஆப்பிரிக்க யானையின் உடலில் மோப்பத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 என்று 2014இல் எண்ணியிருக்கிறார்கள். நாய்க்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நம் காதுக்கு எட்டாத ஆழ்ந்த ஒலியில் யானைகள் சில கிலோமீட்டர் தாண்டியும் பேசிக்கொள்கின்றன என்பது 1984 முதலே தெரியும். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கொம்பன் மதத்தில் இருக்கிறான், எவனுக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் இந்த மணத்திலும் ஒலியிலும் அவற்றுக்கு விளங்குகிறது. தனியாகத் திரிகிற கொம்பன் என்று நாம் நினைப்பவனுக்கும் உறவும் பகையும் பழக்கமும் உண்டு. புதுக் காட்டில் இறக்கப்பட்டவன், ஏற்கெனவே அங்கே இடம்பிடித்திருக்கும் கொம்பன்களுக்கு நடுவே, யாரையும் அறியாமல் நிற்கிறான். காட்டின் நல்ல இடம் அவனுக்குக் கிடைக்காது. விளிம்புக்குத்தான் வருவான். விளிம்பில் ஊர் இருக்கும்.

முதுமலைப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் யானைகளுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்பை வருடாவருடம் அதே முறையில் சுற்றிவந்தது. கோடை இடம், மழைக்கால இடம், இடையில் போகும் வழி எல்லாம் மாறவில்லை. இடையில் சாலை வந்தாலும் கட்டடம் வந்தாலும் அந்த வழியை யானைகள் எளிதில் விடுவதில்லை. யானை ஊருக்குள் வந்தது என்று நாம் சொல்வதில் பல சமயம், யானையின் வழியில் ஊர் வந்தது என்பதுதான் நடந்திருக்கிறது.

இது யானைக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. தொல்லை தருகிறது என்று சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவந்த பூனை மறுவாரம் திண்ணையில் வந்து படுப்பதைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் முட்டையிட வரும் பங்குனி ஆமை, தான் பொரிந்த கரைப்பகுதிக்கே பெரும்பாலும் திரும்புகிறது. பூமியின் காந்தப்புலம் அதற்கு வழிகாட்டுகிறது. சிறுத்தையும் இப்படித்தான். மகாராஷ்டிரத்தில் 2009இல் ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து மீட்டு மால்ஷேஜ் மலையில் விடப்பட்ட சிறுத்தை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா வரை போனது; அதன் காலர் வழியெல்லாம் சேதி அனுப்பிக்கொண்டே வந்தது. அதே மாநிலத்தில் ஜுன்னார் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. விடப்பட்ட இடங்களுக்கு அருகிலும் தாக்குதல் தொடங்கியது.

யானை விஷயத்தில் மிகத் தெளிவான சான்று கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்து வருகிறது. அங்கே ஊர்ப்பக்கம் பிடித்துத் தேசியப் பூங்காக்களில் விட்ட 12 ஆண் யானைகளை ஜிபிஎஸ் காலர் மூலம் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இடம் மாற்றப்படாத உள்ளூர் யானைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பின்தொடர்ந்தார்கள். இடம் மாற்றப்பட்டவற்றில் சில, பிடித்த இடத்துக்கே திரும்பிப் போயின. சில எங்கும் நிலைகொள்ளாமல் நெடுந்தூரம் அலைந்தன. சில புது இடத்தில் தங்கின. மொத்தத்தில், மோதல் குறையாமல் இன்னும் பரவலாயிற்று, கடுமையும் ஆயிற்று, யானைகளும் அதிகம் செத்தன. மனிதனையும் காக்கவில்லை, யானையையும் காக்கவில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு. நம்முடைய அதே இன யானை, நம்மைப் போன்ற நெல்லும் வாழையும் விளைகிற ஊர்கள். இதைவிட நெருங்கிய சான்று நமக்கு எங்கே கிடைக்கும்?

இப்போது அரிக்கொம்பனைப் பற்றி. கேரளத்தின் சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த ஆண் யானை அவன். அவனைச் சொல்லாமல் போனால் நான் எனக்கு வசதியானதை மட்டும் சொன்னவனாகிவிடுவேன். "அரிக்கொம்பன் முத்துக்குழியில் தங்கிவிட்டானே, இடமாற்றம் பலித்ததே" என்று தங்கள் அலுவலர்கள் சொல்லலாம். 2023 ஜூன் மாதம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், மேல் கோதையாறு பக்கம் விடப்பட்ட அவன் அந்தப் பகுதியிலேயே இருக்கிறான் என்பது உண்மை. செப்டம்பரில் மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு தேயிலைத் தோட்டம் வரை வந்து போனான் என்பதும் உண்மை. இலங்கை ஆய்வு சொன்ன மூன்று வகையில் மூன்றாம் வகை அவன். அப்படிச் சில உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த யானை தங்கும், எது திரும்பும், எது அலையும் என்று லாரியில் ஏற்றும்போது யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டபோதும் அவன் தங்கிவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவன் மேகமலைக்கு வந்தான், மே 27 அன்று கம்பம் நகரத்துக்குள் ஓடினான். அந்த ஓட்டத்தில் சிக்கிய ஒரு முதியவர் இறந்தார். அவர் சின்னக்கானலுக்குப் போனவர் இல்லை. யானை தேடி வரும் ஊரில் வாழ்ந்தவரும் இல்லை. அவருடைய சாவை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரிக்கொம்பன் போன பிறகு சின்னக்கானல் நிம்மதியாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே சக்கக்கொம்பன் போன்ற வேறு ஆண் யானைகள் வீடுகளையும் கடைகளையும் உடைப்பது நிற்கவில்லை. ஆனையிறங்கல் என்றே பெயர் கொண்ட அணைப் பகுதியில், யானை நடமாடும் புல்வெளியில், 2000களின் தொடக்கத்தில் பழங்குடிக் குடும்பங்களைக் குடியேற்றியது அரசு. அதில் பலர் பயத்தில் வீட்டை விட்டே போய்விட்டார்கள். இடம் அப்படியே இருக்கிறது, அரிசி அப்படியே இருக்கிறது, ஒரு யானையின் இடத்தில் இன்னொன்று வருகிறது.

எங்கள் தடாகத்திலும் இதே கதைதான். சின்னத்தம்பியையும் விநாயகனையும் கொண்டுபோன பிறகு இங்கே யானை வருவது நின்றதா? நிற்கவில்லை. மதுக்கரையிலிருந்து போளுவாம்பட்டி, தடாகம், பெரியநாயக்கன்பாளையம், கல்லாறு, சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் வரை மலையடிவாரத்தை ஒட்டி ஒரு மெல்லிய காட்டுப் பட்டை ஓடுகிறது. யானைகளுக்கு வடக்கும் தெற்கும் போக அதைவிட்டால் வேறு வழி இல்லை. அந்தப் பட்டையில் பல ஆண்டு செங்கல் சூளைக்குச் செம்மண் தோண்டினோம். சூளை எரிக்கப் பனைமரம் லாரி லாரியாக வந்தது. பனையின் உட்சோறு யானைக்கு மிகவும் பிடித்தது. சூளை முற்றத்தில் விருந்து வைத்துவிட்டு, யானை ஏன் வருகிறது என்று கேட்டோம். 2021இல் சூளைகள் மூடப்பட்டன. தோண்டிய குழிகள் இன்னும் பள்ளமாகவே கிடக்கின்றன. யானைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு எங்கள் வேலியோரமாக நடக்கின்றன.

தங்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஓர் ஆண் யானையைப் பிடித்து, தூக்கிச் செல்ல, விட, பின்தொடர, மறுபடி பிடிக்க ஆகும் செலவையும் ஆளையும், அந்த யானை வாழ்கிற இடத்திலேயே செலவழியுங்கள். எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அருகில் யானை நிற்பதே தெரியாது என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற மருந்தைத் தேடினார்கள். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, செல்போனுக்குக் குறுஞ்செய்தி, முக்கிய இடங்களில் எரியும் சிவப்பு விளக்கு. யானை அங்கேயே இருக்கிறது, சாவு குறைந்தது. மதுக்கரையில் ரயில் பாதை ஓரம் 12 கோபுரங்களில் கேமரா வைத்து, யானை வந்தால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும் ஏற்பாட்டை 2024இல் தங்கள் துறையே தொடங்கியது. தண்டவாளத்துக்குச் செய்ததைத் தடாகம் சாலைக்கும் ஆனைகட்டி சாலைக்கும் செய்யலாம்.

இரவில் யானை விரட்டப் போகும் காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் ஒரு டார்ச், இரண்டு பட்டாசு, நடுச்சாமத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடுகிறார்கள். அவர்களில் பலர் தற்காலிகப் பணியாளர்கள், மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞர்கள். எந்த யானை எப்படிப்பட்டது என்று பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள்தான். ஒரு யானையை இடம் மாற்றினால் அதைப் பற்றி இந்தக் காவலர்கள் வருடக்கணக்கில் சேர்த்த அறிவும் வீணாகிறது. புது இடத்துக் காவலருக்கு அந்த யானையின் குணம் தெரியாது. அவர்களுக்கு நிரந்தர வேலையும் காப்பீடும் வண்டியும் கொடுங்கள். பயிர் இழப்பீட்டை விவசாயியின் அடுத்த நடவுக்கு முன்னால் கைக்கு வரும்படி செய்யுங்கள். சாய்ந்த வாழைக்கு அந்தப் பருவத்திலேயே பணம் வந்தால் "யானையைப் பிடி" என்ற குரலின் சத்தம் பாதியாகக் குறையும் என்பதை எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

யானை வழித்தடங்கள் பற்றி நீளமாக எழுத மாட்டேன். நீலகிரியின் சீகூரில் யானைகள் போகும் வழியில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்புத் தந்தது. 2024இல் தமிழ்நாட்டில் 42 வழித்தடங்களைக் குறித்து வரைவு அறிக்கை வந்தது. அதை மக்களோடு உட்கார்ந்து பேசாமல், சில நாள் அவகாசத்தில் கருத்துக் கேட்டதால் கூடலூரில் எதிர்ப்பு எழுந்தது. வழித்தடத்தில் குடியிருப்பவரும் நம் மக்கள்தான். அவரோடு முதலில் பேசுங்கள்.

உயிர்ச்சேதம் தொடர்ந்து நடக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட யானையைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலை வரலாம். அதை நான் அறவே மறுக்கவில்லை. வீட்டில் ஒருவரை இழந்த குடும்பத்திடம் போய் ஆய்வு முடிவைப் படித்துக் காட்டுகிறவன் மனிதன் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால், தாங்கள் கையெழுத்திடும் உத்தரவோடு சில விவரங்கள் பொதுவெளியில் வர வேண்டும். அந்த யானைதான் ஆட்களைத் தாக்கியது என்று எப்படி உறுதி செய்தார்கள்? முன்னறிவிப்பு, விளக்கு, வேலி, கண்காணிப்பு என்று அங்கே என்னென்ன எத்தனை மாதம் செய்து பார்த்தார்கள்? கொண்டுபோகும் காட்டை ஒட்டிய ஊர்களின் கிராம சபைகளிடமும், அந்தக் காட்டுக்குள் வாழும் காடர், காணிக்காரர் போன்ற மக்களிடமும் முன்கூட்டிச் சொன்னார்களா? பரம்பிக்குளத்துக்கு அரிக்கொம்பனைக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது அந்தப் பகுதி மக்கள் எதிர்த்ததால்தான் இடம் மாறிற்று. எதிர்த்துக் குரல் எழுப்பத் தெரிந்த ஊருக்கு யானை போகாது, குரல் எழும்பாத ஊருக்குப் போகும் என்ற நிலை நியாயம் ஆகாது.

கடைசியாக ஒன்று. 2018 முதல் தமிழ்நாட்டில் பிடித்து இடம் மாற்றிய ஒவ்வொரு காட்டு யானைக்கும், எங்கே பிடித்தோம், எங்கே விட்டோம், காலர் காட்டிய வழி என்ன, எத்தனை முறை மறுபடி பிடித்தோம், விட்ட இடத்தில் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் பயிர், எத்தனை உயிர் போனது, அந்த யானை இன்று உயிரோடு இருக்கிறதா என்ற கணக்கைத் தமிழில் ஓர் அறிக்கையாக வெளியிடுங்கள். தகவல் எல்லாம் தங்கள் கோப்புகளில் இருக்கிறது. அந்த அறிக்கை வரும்வரை புதிதாக எந்த இடமாற்ற உத்தரவும் வேண்டாம். வந்த பிறகு, அதை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலர்கள் எங்கள் கிராம சபைக்கு வரட்டும். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
தடாகம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவன்